மெஷினில் பச்சை விளக்கு, கணினியில் ரிசல்ட் இல்லை: லேப் அடாப்டரின் சாக்கெட் அமைப்புகளைச் சரிசெய்த கதை

ரத்தப் பரிசோதனை மெஷினையும் லேப் மென்பொருளையும் இணைக்கிற அடாப்டர் அளவில் சின்ன நிரல்தான். மெஷின் நெட்வொர்க் கேபிள் வழியாக ரிசல்ட்டை அனுப்பும், அடாப்டர் அதை வாங்கிப் பிரித்து டேட்டாபேஸில் போடும், அவ்வளவு. ஆனால் நடுவில் இருக்கிற சாக்கெட் இணைப்பை (நெட்வொர்க்கில் இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) எப்படி அமைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. ஐபி முகவரி, போர்ட் எண் இரண்டையும் போட்டு ஒரு சாம்பிள் வந்து சேர்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். எங்கள் ஊர் மருத்துவமனை ஒன்றில் அப்படி ஓடிக்கொண்டிருந்த அடாப்டரின் இணைப்புப் பகுதியை முழுக்கப் பிரித்துத் திரும்ப எழுதினேன். எந்த அமைப்புக்கு என்ன மதிப்பு வைத்தேன், ஏன் வைத்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு உதவும்.

தொந்தரவு இப்படித்தான் இருந்தது. சில நாட்கள் காலையில் லேப் டெக்னீஷியன் அக்கா போன் செய்வார்: "தம்பி, மெஷின்ல கனெக்டட்னு பச்சையா காட்டுது, ஆனா ஒரு ரிசல்ட்டும் கம்ப்யூட்டருக்கு வரலை." அடாப்டரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அதனால் இத்தனை நாளும் யாரும் ஆழமாகப் பார்க்கவில்லை. ஆனால் ரீஸ்டார்ட் செய்ய ஆள் வரும்வரை அவர் மெஷின் திரையைப் பார்த்து ஹீமோகுளோபின், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் என்று ஒவ்வொன்றாகக் கையால் டைப் செய்துகொண்டிருந்தார். ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் டெங்கு நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது தட்டணு எண்ணிக்கை 18,000 என்பதில் ஒரு பூஜ்யம் கூடி 1,80,000 ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரீஸ்டார்ட் செய்து கடந்துபோகிற விஷயம் இல்லை இது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ரத்த அணுக்களை எண்ணும் இந்த மெஷின், அதாவது செல் கவுன்டர், மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எச்எல்7 பதிப்பு 2 வடிவத்தில் செய்தி அனுப்புகிறது, அதைச் சுற்றி எம்எல்எல்பி உறை. உறை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை: செய்திக்கு முன்னால் தசம மதிப்பு 11 கொண்ட ஒரு பைட், முடிவில் 28, 13 என்று இரண்டு பைட். உள்ளே ஒவ்வொரு வரியும் 13-இல் முடியும். நாம் பழகிய 10 அங்கே கிடையாது. வரியைப் பிரிக்கும்போது பலர் சறுக்குகிற இடம் இது. இணைப்பைத் தொடங்குவது மெஷின், கேட்டுக்கொண்டிருப்பது அடாப்டர். அடாப்டர் ஓடுவது உபுண்டு போட்ட ஒரு மினி பிசியில், பைத்தானில். லேபும் சர்வர் அறையும் வேறு வேறு விலான் (தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்), நடுவில் ஒரு ஃபயர்வால்.

அடுத்த முறை போன் வந்தபோது, யாரும் ரீஸ்டார்ட் பட்டனைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நேரே போய், இணைப்புகளைப் பட்டியலிடும் நெட்ஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். செல் கவுன்டரின் ஐபியிலிருந்து அடாப்டரின் போர்ட்டுக்கு இரண்டு இணைப்புகள், இரண்டுமே 'எஸ்டாப்ளிஷ்டு' நிலையில். முதல் வரியில் வாங்கும் வரிசை பூஜ்யம், உரிமையாளர் இடத்தில் பைத்தான். இரண்டாவது வரியில் வாங்கும் வரிசையில் சில ஆயிரம் பைட் தேங்கி நிற்கிறது, உரிமையாளர் இடத்தில் வெறும் கோடு. அந்தக் கோடுதான் விடை. இணைப்பு இருக்கிறது, ரிசல்ட்டும் கணினிக்குள் வந்து விழுந்திருக்கிறது, ஆனால் எந்த நிரலும் அதைக் கையில் எடுக்கவில்லை. அதே வேலையைச் செய்யும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் கேட்டுக்கொண்டிருக்கும் சாக்கெட்டின் வாங்கும் வரிசையில் 1 என்று காட்டியது. கேட்கும் சாக்கெட்டுக்கு அந்த எண் பைட் கணக்கு அல்ல, ஏற்கப்படாமல் வரிசையில் நிற்கும் இணைப்புகளின் எண்ணிக்கை.

பழைய நிரல் ஒரு இணைப்பை ஏற்கும், அது மூடப்படும்வரை அதிலிருந்தே படிக்கும், மூடிய பிறகுதான் அடுத்ததை ஏற்கும். டைம்அவுட், அதாவது காத்திருப்புக்கான நேர வரம்பு, எதுவும் இல்லை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்ததும் மெஷினைப் பின்பக்க மெயின் ஸ்விட்சில் அணைத்துவிடுகிறார்கள். அப்படி அணைத்தால், இணைப்பை நடத்தும் நெட்வொர்க் விதிமுறையான டிசிபியின் விடைபெறும் பாக்கெட் எதுவும் போகாது. அடாப்டர் பக்கம் அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தெரியும். அதுவாக எதையும் அனுப்பப் போவதில்லை என்பதால், மறுமுனை செத்துவிட்டதைக் கண்டுபிடிக்க அதற்கு வழியே கிடையாது. காலையில் மெஷின் எழுந்து புதிதாக இணைகிறது. அந்தக் கைகுலுக்கலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே முடித்துவைத்துவிடும், நிரல் 'அக்செப்ட்' அழைக்கும்வரை காத்திருக்காது. அதனால் மெஷினில் பச்சை விளக்கு. மெஷின் அனுப்புகிற பைட்களையும் கெர்னலே வாங்கி பஃபரில் வைத்துக்கொண்டு டிசிபி அளவில் 'வந்தது' என்று சொல்லிவிடும். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பார்சலை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டார், வீட்டுக்காரர் ஊரிலேயே இல்லை என்பது மாதிரி.

ஆகவே இந்த வேலை முழுக்க நான் விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: டிசிபி சொல்லும் 'வந்தது' எதற்கும் சாட்சி இல்லை, ரிசல்ட் டிஸ்கில் எழுதப்பட்ட பிறகு அடாப்டர் தன் கையால் அனுப்பும் எச்எல்7 ஒப்புகை மட்டுமே சாட்சி. மற்ற எல்லா டைம்அவுட்டும் இதிலிருந்து கணக்குப் போட்டு வருபவை.

இதே நோய் இன்னொரு வழியாகவும் வந்தது. மதிய இடைவேளைக்குப் பிறகு, மெஷினை யாரும் அணைக்காதபோதும் சில நாள் நின்றது. ஃபயர்வால் ஒரு குறிப்பிட்ட நேரம் சத்தமில்லாமல் கிடக்கும் இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், இரு முனைக்கும் சொல்லாது. இங்கே அது 1 மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். அதன்பிறகு மெஷின் பழைய இணைப்பில் அனுப்பும் பாக்கெட்டுகள் நடுவழியிலேயே காணாமல் போகும், மெஷின் கொஞ்ச நேரம் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு புதிய இணைப்பு போடும், அது மறுபடியும் அந்த வரிசையில் போய் நிற்கும்.

சரி, ஒவ்வொன்றாக.

கேட்கும் முகவரி. பழையதில் 0.0.0.0 என்று இருந்தது, அதாவது கணினியின் எல்லா நெட்வொர்க் கார்டிலும் கேட்கும். மெஷின் வந்து இணைகிற கார்டின் ஐபியை மட்டும் கொடுத்தேன். நோயாளியின் ரிசல்ட் வாங்கும் கதவு வைஃபை பக்கமும் திறந்திருக்க எந்தக் காரணமும் இல்லை. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு: கணினி பூட் ஆகும்போது கார்டுக்கு ஐபி கிடைப்பதற்கு முன்பே அடாப்டர் எழுந்துவிட்டால், அந்த முகவரி இங்கே இல்லை என்று பைண்ட், அதாவது சாக்கெட்டை முகவரியோடு கட்டும் வேலை, தோற்றுவிடும். லினக்ஸில் நிரல்களைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டியின் அமைப்பில் நெட்வொர்க் முழுதாக எழுந்த பிறகே கிளம்பு என்று சொல்லி, தோற்றால் சில நொடி கழித்துத் திரும்பக் கிளப்பும்படியும் வைத்தேன். மினி பிசிக்கும் மெஷினுக்கும் நிலையான ஐபி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போர்ட் 2575. இது எச்எல்7-க்கென்றே பதிவான எண். அடுத்தடுத்த மெஷின்களுக்கு 2576, 2577 என்று தனித்தனியாகக் கொடுத்துவிட்டால் லாக் படிக்கும்போதே எந்த மெஷின் என்று தெரிந்துவிடும். வேறு எண் வேண்டுமென்றால் 1024-க்குக் கீழே போக வேண்டாம், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். லினக்ஸ் வெளிச்செல்லும் இணைப்புகளுக்குத் தானாக எடுத்துக்கொள்ளும் 32768 முதல் 60999 வரையிலான வீச்சிலும் வேண்டாம், என்றாவது ஒரு நாள் வேறு நிரல் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து முகவரி மறுபயன்பாடு, அதாவது ரியூஸ்அட்ரஸ். இது இல்லாமல் அடாப்டரை நிறுத்திக் கிளப்பினால், பழைய இணைப்பு டைம்-வெயிட் நிலையில் 60 நொடி கிடப்பதால் 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று அடம்பிடிக்கும். லினக்ஸில் கேட்கும் சாக்கெட்டுக்கு இதைத் தயங்காமல் போடலாம், பைண்டுக்கு முன்னால் போட வேண்டும்.

இணைப்பை ஏற்கும் விதத்தைத்தான் முழுக்க மாற்றினேன். ஏற்பதற்கென்று ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு இழை), அது வேறெதையும் செய்யாது. ஏற்ற ஒவ்வொரு இணைப்புக்கும் தனி த்ரெட். அதோடு ஒரு விதி: ஒரே மெஷின் ஐபியிலிருந்து புதிய இணைப்பு வந்தால் பழையது செத்ததாகக் கொண்டு உடனே மூடிவிடு. இந்த மெஷின் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பு மட்டுமே போடும் என்பதால் இந்த விதி பாதுகாப்பானது. ஒரே ஐபியிலிருந்து பல இணைப்பு போடும் கருவிகளுக்கு இதை வைக்காதீர்கள். உண்மையைச் சொன்னால் காலை நேரத் தொந்தரவுக்கு இந்த ஒரு மாற்றமே போதும். ஆனால் மெஷின் மறுபடி இணையும்வரை பழைய இணைப்பு செத்தது நமக்குத் தெரியாது, தெரிய வேண்டும். அதற்குத்தான் கீப்அலைவ், அதாவது அமைதியாகக் கிடக்கும் இணைப்பில் கெர்னல் அவ்வப்போது ஒரு சோதனைப் பாக்கெட் அனுப்பிப் பார்ப்பது.

கீப்அலைவ் இயல்பாக அணைந்திருக்கும், நாம்தான் போட வேண்டும். போட்டாலும் லினக்ஸின் இயல்பு மதிப்புகள் இந்த வேலைக்கு உதவாது: 7200 நொடி அமைதிக்குப் பிறகு முதல் சோதனை, பிறகு 75 நொடிக்கு ஒன்றாக 9 சோதனை. கூட்டினால் 7875 நொடி, 2 மணி 11 நிமிடம் 15 நொடி. காலை ஷிஃப்டில் பாதி போய்விடும். ஃபயர்வால் 1 மணி நேரத்திலேயே மறந்துவிடுவதால் அந்த முதல் சோதனை போய்ச் சேரப்போவதும் இல்லை. நான் வைத்தது 60 நொடி அமைதி, 10 நொடி இடைவெளி, 3 சோதனை. செத்த இணைப்பு ஒன்றரை நிமிடத்தில் தெரிந்துவிடும், ஃபயர்வாலும் நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் பட்டியலிலிருந்து எடுக்காது. கணினி முழுமைக்கும் சிஸ்கன்ட்ரோலில் மாற்றாமல் இந்த சாக்கெட்டுக்கு மட்டும் வைத்தேன். மெஷின் அணைந்து திரும்ப எழுந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடியும், ஏனென்றால் பழைய இணைப்பின் சோதனைப் பாக்கெட்டைப் பார்த்ததும் 'அப்படி ஒரு இணைப்பே என்னிடம் இல்லை' என்று அது ரீசெட் அனுப்பிவிடும்.

படிக்கும் டைம்அவுட்டில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். ஒரே ஒரு எண்ணை, 30 நொடி என்று வைத்துக்கொள்வோம், சாக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டால் சாம்பிள் இல்லாத நேரமெல்லாம் இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டும். அமைதி இரண்டு வகை. இரண்டு செய்திகளுக்கு நடுவே வரும் அமைதி எவ்வளவு நீண்டாலும் தப்பில்லை, உயிரோடு இருக்கிறதா என்பதைக் கீப்அலைவ் பார்த்துக்கொள்ளும். ஆனால் 11 என்ற தொடக்கப் பைட் வந்துவிட்டு 28, 13 வராமல் நின்றால் அது கோளாறு. அதற்கு மட்டும் 15 நொடி. தாண்டினால் அரைகுறைச் செய்தியை லாக்கில் எழுதிவிட்டு இணைப்பை மூடு, மெஷின் முழுதாகத் திரும்ப அனுப்பட்டும்.

பஃபரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய நிரல் ஒருமுறை 'ரிசீவ்' அழைத்தால் ஒரு செய்தி முழுதாகக் கிடைக்கும் என்று நம்பியிருந்தது. டிசிபி தருவது பைட்களின் ஓட்டம், செய்தி எங்கே முடிகிறது என்பது அதற்குத் தெரியாது. செல் கவுன்டர் வரைபடங்களையும் சேர்த்து அனுப்பும்போது செய்தி பெரிதாகி பல துண்டுகளாக வரும். சில சமயம் ஒன்றரைச் செய்தி ஒரே துண்டில் வரும். 28 ஒரு துண்டின் கடைசியிலும் 13 அடுத்த துண்டின் முதலிலும் வருவது கூட நடக்கும். ஆகவே வந்ததையெல்லாம் ஒரு பைட் பஃபரில் சேர்த்துக்கொண்டே போய், முழு உறை கிடைத்தால் மட்டும் வெட்டி எடுத்து, மிச்சத்தை அடுத்த சுற்றுக்கு வைக்க வேண்டும். எழுத்தாக மாற்றும் வேலை உறையைப் பிரித்த பிறகுதான். நம் தமிழ் எழுத்துக்குறிகள் ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். நோயாளியின் பெயர் தமிழில் இருந்து, துண்டு நடுவில் வெட்டுப்பட்டால், துண்டுவாரியாக மாற்றுகிற நிரல் அங்கேயே பிழை கொடுத்து விழும். உறைக்கான 11, 28, 13 ஆகியவை யூடிஎஃப்-8-இல் எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் வராது என்பதால் பைட் அளவில் தேடுவதில் பயமில்லை. இன்னொன்று, 'ரிசீவ்' வெற்று பைட் கொடுத்தால் மறுமுனை மூடிவிட்டது என்று பொருள். அதைக் கவனிக்காத சுழற்சி பிராசசரை முழுக்கத் தின்றுகொண்டு சும்மா சுற்றும்.

இப்போது ஒப்புகை. மெஷினின் தொடர்பு மெனுவில் ஒப்புகைக்காகக் காத்திருக்கும் நேரம் 10 நொடி என்று இருந்தது. அதற்குள் அடாப்டர் பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் டிஸ்கில் எழுதாமல் சொல்லக் கூடாது. லேப் மென்பொருளின் டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருக்கிறது, மாத முடிவில் ரிப்போர்ட் எடுக்கும்போது மிகவும் மெதுவாகிவிடும். அதனால் அடாப்டர் முதலில் மினி பிசியிலேயே ஒரு எஸ்கியூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ்) கோப்பில் மூலச் செய்தியை அப்படியே எழுதி கமிட் செய்கிறது, உடனே ஒப்புகை அனுப்புகிறது; பிரித்து லேப் டேட்டாபேஸுக்கு அனுப்புவது வேறொரு த்ரெட்டின் பாடு. எஸ்கியூலைட்டை, மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் 'வால்' (WAL) முறையில் ஓட்டினால் சின்க்ரனஸ் அமைப்பை 'ஃபுல்' என்று வையுங்கள். 'நார்மல்' என்று விட்டால் கோப்பு கெடாது, ஆனால் கரண்ட் போகும் நேரத்தில் கடைசியாகச் செய்த கமிட்டுகள் காணாமல் போகலாம், நாமோ அதற்கு ஒப்புகை கொடுத்திருப்போம்.

ஒப்புகையில், மெஷின் அனுப்பிய செய்தியின் தலைப்பு வரியான எம்எஸ்எச் வரியின் 10-ஆவது புலத்தில் இருக்கும் செய்தி எண்ணை எம்எஸ்ஏ வரியின் 2-ஆவது புலத்தில் அப்படியே திருப்பித் தர வேண்டும், முதல் புலத்தில் 'ஏஏ', அதாவது ஏற்றுக்கொண்டேன். எழுத முடியாமல் போனால் 'ஏஇ', அதாவது பிழை. ஒப்புகை வழியில் தொலைந்தால் மெஷின் அதே செய்தியை மறுபடி அனுப்பும், ஆகவே இரட்டிப்பைக் கண்டுபிடித்து, திரும்ப எழுதாமல் ஒப்புகை மட்டும் கொடுக்க வேண்டும். செய்தி எண்ணை மட்டும் நம்பவில்லை. மெஷினை அணைத்துப் போட்டால் எண் மறுபடி 1-லிருந்து தொடங்குகிறது. செய்தி எண், சாம்பிள் பார்கோடு, பரிசோதனை நேரம் மூன்றும் ஒத்தால்தான் இரட்டிப்பு.

சின்னச் சின்னத் துண்டுகளை உடனே அனுப்பாமல் சேர்த்து அனுப்பும் நாகல் அல்காரிதத்தை அணைக்க டிசிபி நோடிலே என்ற அமைப்பைப் போடுவது பற்றி நிறைய விவாதம் பார்த்திருக்கிறேன். இங்கே அது பெரிய விஷயமே இல்லை. ஒப்புகையை 11, செய்தி, 28-13 என்று மூன்று தடவையாக அனுப்பாமல் முழுதாகச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால் போதும். நோடிலேயும் போட்டுவைத்தேன், நஷ்டமில்லை.

லேபின் இன்னொரு மெஷினான பயோகெமிஸ்ட்ரி மெஷின் தலைகீழ்: அது கேட்கும், அடாப்டர்தான் போய் இணைய வேண்டும். இங்கே வேறு எண்கள் முக்கியம். மெஷின் அணைந்திருக்கும்போது இணைய முயன்றால் லினக்ஸ் இயல்பாக 6 தடவை மறுமுயற்சி செய்து சுமார் 127 நொடி கழித்தே கையை விரிக்கும். இணையும் டைம்அவுட் 5 நொடி வைத்து, தோற்றால் 1, 2, 4, 8 என்று இரட்டித்து அதிகபட்சம் 30 நொடி இடைவெளியில் திரும்ப முயலும்படி செய்தேன். வரம்பு வைக்காமல் இரட்டித்துக்கொண்டே போனால் ராத்திரி முழுக்க அணைந்திருந்த மெஷின் காலையில் எழும்போது அடாப்டர் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். பரிசோதனை ஆர்டரை அனுப்பிய பிறகு வயர் கழன்றால் கீப்அலைவ் உதவாது, இதைப் பலர் கவனிப்பதில்லை: அனுப்பிய தரவுக்கு டிசிபி பதில் வராமல் நிற்கும்போது மறுஅனுப்பல் கணக்குதான் ஓடும், அது இயல்பாக 15 நிமிடத்துக்கும் மேலே இழுக்கும். டிசிபி யூசர் டைம்அவுட்டை 30,000 மில்லிநொடி என்று வைத்ததும் அது அடங்கியது.

சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தப்பான சோதனை எல்லாம் சரி என்று நம்பவைத்துவிடும். மெஷினுக்குப் பதிலாக என் மடிக்கணினியில் ஒரு நிரலை ஓட்டி அதை வலுக்கட்டாயமாகக் கொன்று பார்ப்பது சோதனையே இல்லை, நிரல் செத்தாலும் கெர்னல் மரியாதையாக விடைபெறும் பாக்கெட்டை அனுப்பிவிடும். நெட்வொர்க் சுவிட்சில் மெஷின் பக்கத்துக் கேபிளைக் கழற்ற வேண்டும். அடாப்டர் கணினியின் கேபிளைக் கழற்றினால் லிங்க் போனது அதற்குத் தெரிந்துவிடும், அது வேறு கதை. கேபிளைக் கழற்ற முடியாத நேரத்தில் லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் அந்த ஐபியின் பாக்கெட்டுகளை டிராப் செய்தேன். ரிஜெக்ட் (மறுப்புச் சொல்லித் தள்ளுவது) அல்ல, டிராப் (சொல்லாமல் விழுங்குவது). ஃபயர்வால் மறந்துபோகும்போது நடப்பது அதுதான். அப்புறம் ஒரு செய்தியை ஒவ்வொரு பைட்டாக அனுப்புவது, இரண்டு செய்திகளை ஒட்டி அனுப்புவது, 28-க்குப் பிறகு நிறுத்திவிடுவது, ஒப்புகை போவதற்கு முன் மினி பிசியின் பவர் கேபிளைப் பிடுங்குவது. கடைசிச் சோதனையில் மெஷின் அதே ரிசல்ட்டைத் திரும்ப அனுப்ப வேண்டும், டேட்டாபேஸில் ஒன்றுதான் இருக்க வேண்டும். அப்படியே இருந்தது.

டெக்னீஷியன் அக்காவுக்காக ஒரு சின்னப் பக்கமும் செய்து லேப் கணினியில் திறந்து வைத்தேன். இணைந்திருக்கிறதா இல்லையா என்பதை அதில் பெரிதாகக் காட்டவில்லை. கடைசியாக டிஸ்கில் எழுதிய சாம்பிளின் பார்கோடும் நேரமும்தான் பெரிய எழுத்தில் இருக்கும், ஏனென்றால் அவர் கையில் இருக்கும் குழாயோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிவது அதை மட்டுமே.

இதை விண்டோஸில் ஓட்டப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே ரியூஸ்அட்ரஸ் போட்டால் இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டில் உட்கார இடம் கொடுத்துவிடும், எந்த நிரலுக்கு ரிசல்ட் போகும் என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் எக்ஸ்குளூசிவ்அட்ரஸ்யூஸ் போடுங்கள். பைத்தானில் கீப்அலைவ் நேரங்களை ஐஆக்டில் என்ற அழைப்பு வழியாக மில்லிநொடியில் கொடுக்கலாம், சோதனை எண்ணிக்கையை அந்த வழியில் மாற்ற முடியாது, 10 என்றே இருக்கும். ஆகவே இடைவெளியை 3 நொடியாகக் குறைத்தால் அதே ஒன்றரை நிமிடக் கணக்கு வந்துவிடும்.